ஐயா வீட்டுத் தேக்கில் ஒரு பேஸ் கிடார்: முதலில் நெக், அப்புறம்தான் மற்றதெல்லாம்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். திருவிழா மெல்லிசைக் குழுவில் பேஸ் (நான்கு தடித்த கம்பிகள் கொண்ட, தாழ்ந்த ஒலிக் கிடார்) வாசிக்கிறார், கிடார் இரவல். அவருடைய ஐயா வீட்டின் இரண்டாம் கட்டைப் பிரித்தபோது பர்மா தேக்கு உத்திரத் துண்டுகள் சில மிஞ்சின. அதில் பாடி (உடல் கட்டை) செய்து, நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்து), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), சாவிகள் (கம்பியை முடுக்கிச் சுருதி கூட்டுபவை) எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் நல்ல பேஸ் கிடைக்குமா, கடையில் முழுதாக வாங்குவதைவிட மலிவாக வருமா, எதை முதலில் வாங்குவது என்று மூன்று கேள்விகள்.

கிடைக்கும். மலிவாக வராது. நெக்கை முதலில் வாங்குங்கள்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் ஏமாற்றம் வேண்டாம். தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் வாங்கும் பாகத்தை நாம் ஒன்றே ஒன்றாக வாங்குகிறோம். ஒவ்வொரு பார்சலுக்கும் தனிக் கூலி, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம் வேறு. மரம் கையில் இருக்கிறது என்பதால் மிச்சப்படுவது கொஞ்சம்தான், பாடி என்பது மொத்தச் செலவில் சிறிய பங்கு. விற்கப்போனாலும் பாகம் சேர்த்த கிடாருக்கு நல்ல விலை வராது. அவசரமாக ஒரு கிடார் வேண்டும், கையில் பணம் குறைவு என்றால், பழைய கிடார் ஒன்றை முழுதாக வாங்கி, பிக்கப்பையும் சாவியையும் பின்னால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். அது கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் ஐயா வீட்டு மரம் உங்கள் தோளில் தொங்க வேண்டும் என்பது ஆசை என்றால், செய்யுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எத்தனை வீட்டுத் தூண்களும் கதவுகளும் விலைக்கு நிற்கின்றன என்று பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுத் துண்டு அங்கே போகாமல் பாட்டாக மாறுவதில் எனக்கும் சந்தோஷம்.

பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க முடிகிறது என்பதே லியோ ஃபெண்டர் செய்த வேலை. அவர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கழன்று வராத பொருளைப் பழுதுபார்க்க முடியாது என்பது அந்தத் தொழில் கற்றுக்கொடுப்பது. 1951-ல் அவர் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸில் நெக்கைப் பசை போட்டு ஒட்டவில்லை, நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். 1960-ல் வந்த ஜாஸ் பேஸும் அதே முறை. அந்த அளவுகளையே பிறகு பலரும் பின்பற்றியதால்தான் ஒருவர் செய்த நெக் இன்னொருவர் செய்த பாடியில் உட்காருகிறது. எனவே முதல் கிடாருக்கு ஃபெண்டர் அளவை விட்டு நகராதீர்கள். நெக் ஒட்டிய வகைக் கிடார்களின் பாகங்களைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, ஏன் நெக் முதலில்? நம் ஊர்க்காரர்களுக்கு வீணையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். காரைக்குடி என்றாலே சாம்பசிவ ஐயரின் வீணை நினைவுக்கு வருகிற ஊர் இது. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிறார்கள். சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம், காதுதான் அளவுகோல். கிடாரில் அது முடியாது. ஃபிரெட் (கிடாரின் மெட்டு) எல்லாம் விரல் பலகையில் அறுத்து அடித்து வந்துவிடுகிறது. மீதமுள்ள கம்பி நீளத்தை ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் 17.817 ஆல் வகுத்து அந்த இடங்களைக் குறித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியாக வர, கம்பியின் மறுமுனை, அதாவது பிரிட்ஜ், ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். அந்த இடத்தை நெக் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. பாடியில் நீங்கள் போடும் ஒவ்வொரு கோடும் அதற்குக் கட்டுப்பட்டது.

அதனால் நெக் கைக்கு வந்ததும் முதல் வேலை, டேப்பை எடுத்து நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள பட்டை) 12-வது ஃபிரெட் வரை அளப்பது. 17 அங்குலம் இருந்தால் அது 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான கம்பி நீளம்), நமக்கு வேண்டியது அதுதான். 15 அங்குலம் இருந்தால் 30 அங்குலச் சின்ன ஸ்கேல், அதற்குக் கம்பியும் வேறு, பிரிட்ஜ் இடமும் வேறு. அடுத்து நெக்கின் அடிப்பகுதி அகலம்: பேஸுக்கு 63.5 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டரை அங்குலம். சாதாரண கிடார் நெக் 56 மில்லிமீட்டர்தான் இருக்கும். நட் பக்கம் ஜாஸ் நெக் 38 மில்லிமீட்டர், பிரெசிஷன் நெக் 41 அல்லது 44. அடி அகலம் ஒன்றே என்பதால் பிரெசிஷன் பாடியில் ஜாஸ் நெக்கைப் போடலாம். கை சிறியவர்களுக்கு நான் சொல்வது அந்தச் சேர்க்கைதான். தலைப் பக்கம் சாவித் துளையின் விட்டத்தையும் அளந்துவிட்டு, அதற்குப் பிறகு சாவிகளை வாங்குங்கள். பெரிய துளைக்குச் சின்னச் சாவி வாங்கிவிட்டால் அது ஆடும், சுருதி நிற்காது. இலேசான சாவியாகப் பார்த்து எடுங்கள், பேஸின் தலை கீழே தாழ்வது அதில் பெரும்பாலும் அடங்கும்.

அடுத்தது தேக்கு. தேக்கில் பாடி செய்தால் 'டோன்' எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். என் காது சொல்வது இது: மின்சாரப் பேஸில் கம்பி, பிக்கப், வாசிக்கும் விரல், ஆம்ப் (ஒலிபெருக்கி) இவற்றுக்குப் பிறகுதான் பாடி மரம் வருகிறது, அதுவும் வெகு தூரத்தில். ஆனால் எடை அப்படியல்ல, உங்கள் தோளுக்கு உடனே தெரியும். ஆல்டர் மரத்தில் செய்த பாடி இரண்டு கிலோ சொச்சம் இருக்கும். அதே உருவம் தேக்கில் மூன்று கிலோ பக்கம் போகும். நெக், சாவி, பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோவைத் தொட்டுவிடும். மாசி பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் நான்கு மணி நேரம் நின்று வாசிக்கிறவர் இதை யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வழி, பாடியின் உட்பக்கத்தில் சில குழிகளைக் குடைந்து மேலே மெல்லிய தேக்குப் பலகை ஒட்டுவது. அது ஆசாரியின் கையைப் பொறுத்தது. முதல் முறை என்றால் குடையாமல் செய்து, அகலமான தோல் வாரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடியின் கனம் ஒன்றே முக்கால் அங்குலம். அகலம் பதினான்கு அங்குலம் வேண்டும், உத்திரத்தில் அவ்வளவு கிடைக்காது, எனவே இரண்டு மூன்று துண்டுகளை ஒட்ட வேண்டியிருக்கும். மரத்தின் ரேகை கம்பி ஓடும் திசையிலேயே போக வேண்டும். தேக்கு எண்ணெய் உள்ள மரம் என்பதால், விளிம்பை இழைத்த அன்றே அசிட்டோனில் துடைத்து, காய்ந்ததும் பசை போட்டுப் பூட்டிவிடுங்கள். இழைத்து ஒரு வாரம் கிடந்த விளிம்பில் எண்ணெய் மேலே வந்துவிடும், பசை பிடிக்காது. பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், வாள் வைப்பதற்கு முன்பு காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தேக்குத் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் ஒவ்வாமையைத் தரும், உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அவசியம்.

வெட்டும் வேலையை ஆசாரியிடம் கொடுப்பதாக இருந்தால் அவருடைய கணக்கிலேயே பேசுங்கள். அங்குலத்துக்கு எட்டு நூல். நெக் உட்காரும் பள்ளத்தின் ஆழம் ஐந்து நூல். அகலத்துக்கு எண் சொல்ல வேண்டாம், நெக்கையே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, "இது உள்ளே இறங்கணும், ஆனால் ஆடக் கூடாது" என்று சொல்லுங்கள். கதவு நிலைக்குப் பொருத்து எடுக்கிற கைக்கு அது நன்றாகத் தெரியும். திருகாணி இல்லாமலே நெக்கைச் செருகி, கிடாரை நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடி கூடவே வர வேண்டும். அந்த இறுக்கம் போதும்.

பிரிட்ஜ் இடம் குறிப்பதுதான் இந்த வேலையின் உயிர். இதை அவசரமில்லாத ஒரு காலையில், வெளிச்சம் உள்ள இடத்தில் செய்யுங்கள். நெக்கைப் பள்ளத்தில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், திருகாணித் துளை இன்னும் போடக் கூடாது. நட்டில் ஈ கம்பியின் (எல்லாவற்றிலும் தடித்தது) பள்ளத்திலிருந்து ஒரு தையல் நூல், ஜி கம்பியின் (எல்லாவற்றிலும் மெல்லியது) பள்ளத்திலிருந்து ஒரு தையல் நூல், இரண்டையும் பிரிட்ஜின் ஓரச் சாடில்கள் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டுகள்) வரை இழுத்துக் கட்டுங்கள். இப்போது விரல் பலகையின் கடைசி ஃபிரெட்டில் குனிந்து பாருங்கள். இரண்டு நூலுக்கும் வெளியே மீதமிருக்கும் விளிம்பு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜை இடம் வலமாக நகர்த்துங்கள், அல்லது பள்ளத்துக்குள் நெக்கை மயிரிழை திருப்புங்கள். நூல் பிடித்த மாதிரி என்று நாம் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

நீளவாக்கில்: ஜி கம்பியின் சாடிலைத் திருகி ஏறக்குறைய முன்னால் கொண்டுவந்து, அது நட்டிலிருந்து சரியாக 34 அங்குலத்தில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும், அதை ஈடுகட்ட எல்லாச் சாடிலும் பின்னால்தான் போகும். தடித்த ஈ கம்பியின் சாடில் ஜி-யைவிட மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரை பின்னால் நிற்கும். அந்தப் பின்னோக்கிய இடம் பிரிட்ஜில் இருக்கிறதா என்று துளை போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் சேர்த்த முதல் பேஸுக்குப் பாடியை வெளியூரில் ஒருவரிடம் வாங்கினேன், பிரிட்ஜ் துளைகள் முன்பே போட்டு வந்திருந்தன. போட்டவருக்குத் தெரியாதா என்று நம்பி அப்படியே முடுக்கினேன். துளைகள் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய முக்கால் நூல் தள்ளி இருந்திருக்கின்றன. பத்தாவது ஃபிரெட்டைத் தாண்டினால் ஜி கம்பி விளிம்பை விட்டு நழுவியது. ஒரு திருவிழா முழுக்க அப்படியே வாசித்துவிட்டு, துளைகளில் தேக்குக் குச்சி அடித்துப் பசை போட்டு மூடி, புதிதாக நூல் பிடித்துத் துளை போட்டேன். கிடார் இன்றும் இருக்கிறது, மூடிய துளைகளின் தடமும் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிறது. முன்பே துளைத்து வருகிற எதையும் அதன் பிறகு அளக்காமல் விட்டதில்லை.

இடம் உறுதியானதும் நெக்குக்குத் துளை. பாடியில் உள்ள துளை திருகாணி தாராளமாக நுழைந்து வரும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், திருகாணி நெக்கின் மரத்தை மட்டுமே கடிக்க வேண்டும். இரண்டையும் கடித்தால் என்ன முடுக்கினாலும் நெக் பள்ளத்தின் அடியோடு ஒட்டாது, நடுவில் இடைவெளி நிற்கும். நெக் மேப்பிள் என்றால் ஒரு நூல் டிரில் பிட் சரியாக இருக்கும். துளையின் ஆழத்துக்கு பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், விரல் பலகையைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தால் திரும்பப் பெற முடியாது. திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவி முடுக்குங்கள்.

பிக்கப்புக்கு வருவோம். முதல் கிடாருக்கு பிரெசிஷன் வகைப் பிளவு பிக்கப்பையே சொல்வேன். 1957-லிருந்து அது இரண்டு பாதியாக வருகிறது, ஒரு பாதியின் இரைச்சலை மறு பாதி அடித்துவிடும். குடைய வேண்டிய குழி ஒன்று, ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு ஜாக் (கேபிள் செருகும் இடம்), அவ்வளவுதான். ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம். இரண்டின் நீளமும் ஒன்றல்ல, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் சற்று நீளம், தெரியாமல் ஒரே அளவில் இரண்டு வாங்கிவிடாதீர்கள். அதன் இடத்திலும் இரண்டு மரபு உண்டு: எழுபதுகளின் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் அறுபதுகளில் இருந்ததைவிட ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் பிரிட்ஜை நோக்கித் தள்ளியிருக்கும், ஒலி கூர்மையாகும். இளையராஜா பாடல்களை நிறைய வாசிக்கிற குழு என்றால், பேஸ் தனி மெட்டாகவே நடந்துபோக வேண்டியிருக்கும், அந்தத் தெளிவுக்காக ஜாஸை விரும்புகிறவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் இரண்டாவது கிடாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிக்கப்பையும் இரண்டு கம்பெனியில் வாங்கி, இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒலி மெலிந்து போகிறது என்றால், ஒன்றின் இரண்டு வயர்களை மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும்.

மின் சாமான்கள் பிக்கப் அளவுக்கு விலை இல்லை. சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், மதுரையிலும் தேடலாம். வால்யூமுக்கும் டோனுக்கும் 250 கிலோ ஓம் பாட் (குமிழால் திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை), ஏ250கே என்று அச்சிட்டது. டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர், அதன் மேல் 473 என்று இருக்கும். பாட்டின் முதுகில் எர்த் வயர்களைச் சால்டர் செய்யச் சின்ன 25 வாட் அயர்ன் போதாது, சூடு பரவி ஈயம் உருண்டு நிற்கும். 60 வாட் அயர்னில் சட்டென்று தொட்டு எடுத்துவிடுங்கள். குழிகளின் உட்புறம் முழுக்கச் செப்புத் தாளை ஒட்டி அதையும் எர்த்தோடு சேர்த்தால், சீரியல் பல்பு தொங்குகிற மேடையில் இரைச்சல் வெகுவாகக் குறையும்.

பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு வயர் பாட்டின் முதுகுக்கு வர வேண்டும். அதற்கான நீண்ட துளையைப் பாடிக்கு வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இந்த வயர் சரியாக இருந்தால், கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கும். தொட்டாலும் ஒன்றும் மாறவில்லை என்றால் வயர் பிடிக்கவில்லை. தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.

இந்த வயரால்தான் உங்கள் கையும் ஆம்பின் எர்த்தும் ஒன்றாகின்றன. அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும், ஆம்புக்கு ஒரு பக்கம், மைக் செட்டுக்கு வேறு பக்கம் கரண்ட் எடுத்திருப்பார்கள். கம்பியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிப்பது அப்படித்தான். ஆம்ப்பும் மைக் செட்டும் எர்த் உள்ள ஒரே லைனில் இருக்கட்டும். இரைச்சலைக் குறைக்க மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள். உயிர் போகிற விஷயம். வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பு ஆம்பை ஆன் செய்து, டெஸ்டரால் கம்பியையும் மைக்கையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள், இரண்டில் எதில் விளக்கு எரிந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கம்பி போட்ட பிறகு செட் செய்வது ஒரு மாலை வேலை. 45 முதல் 105 வரையிலான (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரணக் கம்பிகள் நான்கும் சேர்ந்து நெக்கைச் சுமார் 75 கிலோ இழுக்கின்றன. எனவே சுருதி கூட்டி ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைந்தால் சரி. இடைவெளி கூடுதல் என்றால் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புக் கம்பி) வலப் பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம், மறுநாள் மறுபடி பாருங்கள். அப்புறம் கம்பி உயரம்: 17-வது ஃபிரெட்டில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர். சாடிலை முழுதும் இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கிறது என்றால், நெக் பள்ளத்தில் பிரிட்ஜைப் பார்த்த விளிம்பில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைத்து முடுக்குங்கள், நெக் பின்னால் சாய்ந்து கம்பி இறங்கும். கடைசியாக 12-வது ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும். பழைய கம்பியில் இதைச் செய்யாதீர்கள், கணக்கு நிற்காது.

இந்த அளவுகள் எல்லாம் பங்குனியில் சரியாக இருந்தால் ஐப்பசியில் கொஞ்சம் மாறியிருக்கும். நம் பக்கம் கோடை வறட்டு வெயில், அப்போது விரல் பலகை காய்ந்து ஃபிரெட் முனைகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறும், மெல்லிய அரத்தால் தேய்த்துவிடலாம். அடைமழை தொடங்கினால் நெக் ஈரம் இழுத்து வளைவு மாறும். வருஷத்துக்கு இரண்டு முறை அந்த விசிட்டிங் கார்டை எடுத்து ஏழாவது ஃபிரெட்டில் நுழைத்துப் பாருங்கள். டிரஸ் ராடைத் திருகும் ஆலன் கீயைக் கிடார் பையிலேயே போட்டு வையுங்கள்.